ரோசி சிஸ்டர் திறக்காத கதவு

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் கோகிலவாணி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, புளி உலுக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் புதூர்நாட்டிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, ஒடுகத்தூரிலிருந்து மலையேறி வந்திருக்கும் ரோசி சிஸ்டரின் அண்ணன் மகள் ஆன்சி அவர்களே, அனைவருக்கும் பாண்டுரங்கனின் வணக்கம்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நம் குழுவில், செவிலியர் ரோசி அம்மையாரோடு பதினேழு ஆண்டுகள் ஜீப் ஓட்டியவன் நான். ஓட்டியதோடு சரி என்று நினைக்க வேண்டாம். புண் கழுவ, ஆளைப் புரட்டிப் போட, துணி மாற்ற, எல்லாம் அவரிடம் திட்டு வாங்கிப் பழகினேன்.

இளமையில் நான் கட்சி மேடைகளில் பேசியவன். அன்பின் இமயம், தியாகத்தின் திருவுருவம் என்றெல்லாம் அடுக்க எனக்கு வரும். இப்போதும் நாக்கின் நுனியில்தான் நிற்கிறது. ஆனால் தோழர்களே, களைப்பாக இருக்கிறது. இந்த மலையில் எத்தனை இரங்கல் கூட்டத்தில்தான் பேசுவது? எத்தனை முறை அதே சொற்களைச் செத்தவர்களுக்குச் சூட்டுவது? அதோடு, அன்பு என்ற சொல்லை யாராவது சுலபமாகச் சொன்னால் ரோசி சிஸ்டருக்குப் பிடிக்காது. அதைப் பிடித்துக்கொண்டு மலைப்பாதை முடியும் வரை கேள்வி கேட்பார். அவரோடு ஜீப்பில் போனவர்களுக்கு அது தெரியும்.

சேர்ந்த புதிதில் நான் ஒரு தவறு செய்தேன். மலைவீடுகளில் நோயாளியைத் தொடும் முன்னால் நமக்கு ஏதாவது சாப்பிடக் கொடுப்பார்கள். சாமைச் சோறு, பலாச்சுளை, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு சொம்பு மோர். இல்லாத வீட்டில் வாங்கிச் சாப்பிடுவதா என்று நான் ஜமுனாமரத்தூர் ஓட்டலில் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போனேன். பெரிய நல்லவன் என்று எனக்கு நினைப்பு! செல்லியம்மாள் வீட்டில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தேன். அந்த அம்மா ஒரு மாதம் என் முகம் பார்த்துப் பேசவில்லை.

அன்று திரும்பும் வழியில் சிஸ்டர் சொன்னார்: "நீங்க குடுத்துக்கினே இருப்பீங்க, வாங்க மாட்டீங்க. அதுக்குப் பேரு அன்பு இல்லைங்க பாண்டுரங்கன், அதிகாரம்."

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தச் செல்லியம்மாள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அவர் கணவர் அர்ச்சுனன் நல்லபடியாக நடமாடிய காலத்தில் அவரை அடித்தவர். ஒரு முறை இந்த அம்மாவின் கையே ஒடிந்தது. பிறகு பக்கவாதம் வந்து விழுந்தார். அடி வாங்கிய அதே கையால் செல்லியம்மாள் அவருக்குக் கஞ்சி ஊட்டினார். நான் என்ன நினைத்தேன்? ஆகா, இதல்லவா மனைவியின் அன்பு என்று புல்லரித்துப் போனேன். ஊரும் அப்படித்தான் சொன்னது.

ரோசி சிஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? செல்லியம்மாளைத் தனியே உட்கார வைத்து, இவரை நீ பார்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை, முடியாது என்று ஒரு வார்த்தை சொல், கீழே ஓர் இல்லத்தில் சேர்த்து நானே பார்த்துக்கொள்கிறேன், ஊர் கேட்டால் என் பேரைச் சொல் என்றார். ஊர் கொதித்தது. கட்டிய கணவனைப் பிரிக்கப் பார்க்கிறாளே என்றார்கள். நானும் கொதித்தேன், ஒளிப்பானேன்? கொண்டையூசி வளைவுகளில் வண்டியை ஒடித்துக்கொண்டே சண்டை போட்டேன். அன்பைப் போய் இப்படிக் கெடுக்கலாமா சிஸ்டர் என்றேன்.

"முடியாதுன்னு சொல்ல வழியே இல்லாதவ செய்யறது அன்பா, பயமான்னு நீங்க எப்படிங்க கண்டுபுடிப்பீங்க?" என்று கேட்டார்.

உங்களில் யாருக்காவது பதில் தெரியுமா?

செல்லியம்மாள் ஒரு வாரம் யோசித்தார். அடுத்த முறை போனபோது வாசலிலேயே நின்று சொன்னார்: "இங்கயே இருக்கட்டும் சிஸ்டர். அவுரு பண்ணத நான் மறக்கல. புரட்டிப் போடலன்னா புண்ணாவுது. வலிக்குதில்ல அவுருக்கு."

கணவன் என்று சொல்லவில்லை. கடமை என்று சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. வலிக்கிறது என்றார். சிஸ்டர் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார். பிறகு, பகைவரையும் நேசி என்று இத்தனை வருடம் கோயிலில் கேட்டது இன்றைக்குத்தான் விளங்கியது என்றார். நான்கு ஆண்டுகள் செல்லியம்மாள் அந்த மனிதரைப் பார்த்தார். ஒரு படுக்கைப்புண் வரவில்லை.

இனி நான் சொல்வது எனக்குச் சுலபமில்லை.

போன தை மாதம் சிஸ்டருக்கு நோய் கண்டது. ஆன்சி வீட்டில் படுத்தார். நான் முதல் முறை போனேன். ஆன்சி வெளியே வந்து, "அத்தை யாரையும் பாக்க மாட்டேங்கறாங்க அங்கிள்" என்றார். சரி, அலுப்பாக இருக்கும் என்று திரும்பினேன். இரண்டாம் முறையும் அதே பதில். மூன்றாம் முறை போனபோது வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அது செல்லியம்மாளின் செருப்பு. அவருக்குக் கதவு திறந்தது, எனக்குத் திறக்கவில்லை.

ஒடுகத்தூர் பஸ் நிலையத்தில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பதினேழு ஆண்டு! மழையில் ஜீப்பைத் தள்ளியவன் நானில்லையா? அவருக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரைக்கு ஓடியவன் நானில்லையா? நேசித்தவனுக்கு ஒரு பார்வை பார்க்கக்கூட உரிமையில்லையா? கோபம் வந்தது. அவர் செத்த பிறகும் அந்தக் கோபம் போகவில்லை. பிணத்துக்கு மாலை போடும்போதும் கோபமாகத்தான் போட்டேன்.

இன்று காலை இந்தக் கூட்டத்துக்கு வந்து இறங்கிய செல்லியம்மாளை நிறுத்திக் கேட்டே விட்டேன். ஏன்மா, உன்னை மட்டும் ஏன் உள்ளே விட்டார்? அவர் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார்.

"சொன்னா சங்கடப்படக் கூடாதுண்ணா. நானும் சிஸ்டரக் கேட்டேன், அண்ணன் வாசல்ல நிக்கிறாரேன்னு. அதுக்கு, அவரு வந்தா அழுவாரு செல்லி, அப்புறம் நான்தான் அவருக்குத் தேறுதல் சொல்லணும், எனக்கு அதுக்குத் தெம்பில்லன்னாங்க."

தோழர்களே, அர்ச்சுனன் இறந்த அன்று நான் அந்த வீட்டில் குலுங்கிக் குலுங்கி அழுதேன். கணவனைப் பறிகொடுத்த செல்லியம்மாள் எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டார். சிஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று இளகிய மனசு எனக்கு என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். எத்தனை வீட்டில் இப்படி, சாகக் கிடந்தவர்களை எனக்கு ஆறுதல் சொல்ல வைத்தேனோ! அது அன்புதான். பொய்யில்லை. ஆனால் அதைத் தூக்கிச் சுமந்தது நானில்லை.

கோபம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். முழுக்கப் போகவில்லை. என்னிடம் நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் செல்லியம்மாளுக்கு முடியாது என்று சொல்லும் உரிமையை வாங்கிக்கொடுத்தவர், தனக்கும் அதை ஒரு முறை எடுத்துக்கொண்டார். அதை நான் மறுப்பேன் என்றால் ஜீப்பில் பதினேழு ஆண்டு என்னத்தைக் கேட்டேன்?

கடைசியாக உறுதிமொழி எடுக்க வேண்டும். அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று எல்லாக் கூட்டத்திலும் கை தூக்குகிறோம், வீட்டுக்குப் போய் மறந்துவிடுகிறோம். எனக்கு வயது அறுபத்து மூன்று, மூட்டு வலி. பட்டியலில் பதினான்கு பேர் படுக்கையில் இருக்கிறார்கள். சிஸ்டர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து வரச் செல்லியம்மாள் சம்மதித்திருக்கிறார். முடியாத அன்றைக்கு முடியாது என்று சொல்லிவிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறார். உங்களையும் அப்படித்தான் அழைக்கிறேன். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

என் பங்குக்கு என்னால் தரக்கூடிய உறுதி ஒன்றுதான், ரோசி சிஸ்டர். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜீப் புதூர்நாட்டுக்குக் கிளம்பும். அழுகை வந்தால் வண்டியிலேயே உட்கார்ந்து அழுது முடிப்பேன். முகத்தைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போவேன்.