ஓட்டுற ஆளுக்கு ஆபரேசனா?

உமாதேவி: நீங்க பாத்துச் சொல்லுங்க நர்சக்கா. நான் கண்ணைத் தொறக்க மாட்டேன்.

சகாயராணி: இன்னும் கொடியே அசைக்கல உமா! வண்டியெல்லாம் இப்பத்தான் ரோட்டுல வரிசையா நிக்குது. அதுக்குள்ள இந்த மாடிச் சுவத்தையே பேத்துருவ போல.

உமாதேவி: இல்லக்கா, இன்னைக்கு எங்க வீட்டுக்காரரு தோத்தா...

சகாயராணி: தோத்தா என்ன? மாட்டு வண்டிப் பந்தயம்னா ஒருத்தரு ஜெயிப்பாக, ஒம்பது பேரு தோப்பாக.

உமாதேவி: ஒங்களுக்கு வெசயம் தெரியாதா? காலையில மாட்டுக்குச் சொந்தக்காரரு முத்துப்பாண்டி மாமா இவரைத் தொழுவத்துக்குக் கூப்பிட்டு விட்டுருக்காக. ‘ஏலே வேல்பாண்டி, நீ தேனியில போயி குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆம்பளை ஆபரேசன் பண்ணிக்கிட்டியாமுல்ல, நெசமா’ன்னு கேட்டுருக்காக.

சகாயராணி: அய்யய்யோ... நான் சத்தியமா வாயைத் தொறக்கல உமா.

உமாதேவி: யாரோ ஆஸ்பத்திரியில பாத்துட்டாகளாம். இவரு, மச்சானைப் பாக்கப் போனேன்னு சமாளிச்சுருக்காரு.

சகாயராணி: மாட்டுக்காரரு நம்புனாரா?

உமாதேவி: எங்கிட்டு நம்ப? ‘காயடிச்ச மாடு வண்டி இழுக்கும்லே. காயடிச்ச ஆளு கயிறு பிடிக்க மாட்டான். அப்படி ஒருத்தன் கையில என் மயிலைக் காளையும் செவலையும் ஓடாது. ஜெயிச்சா வா. தோத்த... நாளையில இருந்து தொழுவத்துப் பக்கம் தலை வச்சுப் படுக்காத’ன்னுட்டாக.

சகாயராணி: காயடிக்கிறதா! அட ஆண்டவரே... மாட்டுக்கு வெதையை நசுக்குறது. இதுல வெதையை யாரு தொட்டா? உள்ள இருக்க சின்னக் குழாயை அடைச்சு விடுறது. தையல் கூடக் கெடையாது. பத்து நிமிசம்!

உமாதேவி: எங்கிட்ட என்னத்துக்குக்கா சொல்றீக? எனக்குத் தெரியாதா?

சகாயராணி: வேற யாரு கேக்குறா? பிரஷரு, சுகரு பாக்கக் கூப்பிட்டா நம்ம ஊரு ஆம்பளைக சட்டையை மடிச்சு விட்டுட்டு வாராக. ஆபரேசன் டேபிளைக் கண்டதும் வேட்டியை இறுக்கிக் கட்டிட்டு ஓட்டம்!

உமாதேவி: சிரிப்பு மூட்டாதீக. ரோட்டைப் பாருங்க.

சகாயராணி: நெசமாத்தான். சர்க்காரு ஆம்பளைகளுக்குன்னு வருசா வருசம் ரெண்டு வாரம் ஒதுக்குது. ஜீப்புல மைக்கைக் கட்டி நாங்களும் கத்துறோம். எனக்கு வந்தது ஒரே ஆளு, ஒன் வீட்டுக்காரரு. அதையும் வெளிய சொல்லக் கூடாதுன்னு மாதா படத்து மேல சத்தியம் வாங்கிட்டீக.

உமாதேவி: பின்ன? இவருக்கு அந்த வண்டியை விட்டா வேற ஒலகம் இல்லைக்கா.

சகாயராணி: வியாழக்கெழமை மறுபடியும் முகாமு. நோட்டுல ஒரு ஆம்பளை பேரு கெடையாது. இந்தத் தடவையும் பொம்பளைகளைத்தான் வரிசையில படுக்க வைக்கப் போறாக.

உமாதேவி: எனக்கு அதுக்கும் வழியில்லாமப் போச்சுல்ல... சின்னவ பொறந்தப்ப டாக்டரம்மா சொன்னாகளே, இன்னொண்ணு உண்டானா என் இருதயம் தாங்காது, மயக்க மருந்தும் ஆகாதுன்னு. நான் அழுதுக்கிட்டே கெடக்கேன். இந்த மனுசன் சட்டுனு எந்திரிச்சு, ‘அப்ப எனக்குப் பண்ணிருங்க’ன்னாரு. டீ சொல்ற மாதிரி சொன்னாருக்கா.

சகாயராணி: அந்தா கொடி! விட்டாச்சு!

உமாதேவி: ஆத்தா கௌமாரி... எத்தனாவது?

சகாயராணி: ஒரே தூசி... இரு... நாலாவது. இல்ல, மூணு.

உமாதேவி: மூணா?

சகாயராணி: வளைவுல மறைஞ்சுட்டாக. எல்லைக் கொடியைச் சுத்தித் திரும்பி வரணும்ல. அதுவரைக்கும் மூச்சு விடு.

உமாதேவி: தோத்தா மாட்டுனால தோத்தாகன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான்க்கா. ஆபரேசனாலதான்னு சொல்லுவான். அப்புறம் ஒங்க முகாமுப் பக்கம் காக்கா கூட வராது.

சகாயராணி: வந்துட்டாக! மொதல்ல... கடமலைக்குண்டு வண்டி.

உமாதேவி: நம்ம வண்டி?

சகாயராணி: பின்னாடியே. ரெண்டாவது. ஆனா செவலை சொணங்குது உமா... கழுத்தைத் திருப்புது...

உமாதேவி: அய்யோ.

சகாயராணி: குதிச்சுட்டாரு!

உமாதேவி: யாரு? விழுந்துட்டாரா?

சகாயராணி: விழுகல! கயித்தை விடாம எறங்கி ஓடுறாரு! செவலை கூடவே ஓடுறாரு! யம்மாடி, என்னா ஓட்டம்... கண்ணைத் தொறந்து பாருடி!

உமாதேவி: ஓட்டுங்க... ஓட்டுங்கன்றேன்! ஏ செவலை, ஒன்னையக் கையெடுத்துக் கும்பிடுறேன், ஓடு!

சகாயராணி: தாவி ஏறிட்டாரு! ஒட்டிட்டாக... சமமா வாராக...

உமாதேவி: அக்கா!

சகாயராணி: மாட்டுத் தலை வித்தியாசம்! நம்ம வண்டிதான் உமா! நம்ம வண்டிதான்!

உமாதேவி: நான் பாத்தேன்... நான் பாத்துட்டேன்க்கா...

முத்துப்பாண்டி: ஏத்தா உமா! எங்கத்தா இருக்க? படியேறி மூச்சு வாங்குது... இந்தா, இந்த மாலையைப் பிடி. கழுத்து ஒடியுற அளவுக்குப் போட்டுட்டாய்ங்க.

உமாதேவி: வாங்க மாமா.

முத்துப்பாண்டி: பாத்தியா ஒம் புருசனை? என் வண்டியில இப்படி ஒருத்தன் ஓட்டுனதே இல்ல! கடமலைக்குண்டுக்காரன் மூஞ்சி தொங்கிப்போச்சு!

சகாயராணி: கண்ணு குளுந்துருச்சுண்ணே.

முத்துப்பாண்டி: அடடே, நர்சம்மாவும் இங்கனதான் இருக்கியா? நல்லதாப் போச்சு. ஆபரேசன் பண்ணுன பய இந்த ஓட்டம் ஓடுவானா? நீயே சொல்லு. எல்லாம் வயித்தெரிச்சல்ல கெளப்பி விட்டது. கமிட்டிக்காரய்ங்ககிட்டச் சொல்லிட்டேன், ‘வேல்பாண்டிக்கு அப்படி ஒண்ணுமே நடக்கல’ன்னு இப்ப மைக்குல சொல்லப் போறாக.

உமாதேவி: சொல்ல வேணாம் மாமா.

முத்துப்பாண்டி: ஏன்த்தா?

சகாயராணி: உமா... யோசிச்சுப் பேசு.

உமாதேவி: யோசிச்சாச்சுக்கா. ...பண்ணிக்கிட்டாரு மாமா. நாலு மாசமாச்சு. நான் உசுரோட இருக்கணும்னு பண்ணிக்கிட்டாரு.

முத்துப்பாண்டி: என்னத்தா சொல்ற?

உமாதேவி: வண்டியை விட்டு எறக்கணும்னா எறக்குங்க. ஆனா இன்னைக்கு ஜெயிச்சது ஆபரேசன் பண்ணுன ஆம்பளை. அதை மறைச்சு மைக்குல பேச விட மாட்டேன்.

முத்துப்பாண்டி: மெதுவாப் பேசுத்தா... கீழ ஆளுக நிக்கிறாக.

சகாயராணி: மெதுவாப் பேசிப் பேசித்தாண்ணே முகாமுக்கு எவனும் வாரதில்ல! என் முகாமை இந்த ஊருல மொதல்ல கேலி பண்ணுனது யாரு? நீங்கதான். காயடிக்கிற டேபிளுன்னு டீக்கடையில பேரு வச்சதும் நீங்கதான். இதைப் பத்தி ஒங்களுக்கு என்னண்ணே தெரியும்?

முத்துப்பாண்டி: தெரியும் தாயி... பதினோரு வருசமாத் தெரியும். ஏலக்காத் தோட்டத்துக்குப் போறேன்னு ஊருல சொல்லிட்டு, மலையேறிக் கட்டப்பனையில போயிப் பண்ணிக்கிட்டு வந்தவன் நான். எவனும் என்னையச் சந்தேகப்பட்டுரக் கூடாதுன்னுதான் எல்லாரையும் விடச் சத்தமாப் பேசுனேன்... ஏலே, யாருலே கீழ? அந்த மைக்கை இங்கிட்டுக் கொண்டாங்கடா! வேல்பாண்டி பேரோட என் பேரையும் சேத்து நானே சொல்றேன்!