வழிக்கு வராத முடியும் வாய் பிளக்கும் சட்டையும்

என் பேச்சு நீளும் என்று தெரிந்திருந்தும் இன்னும் எழுந்து ஓடாமல் அமர்ந்திருக்கும் எங்கள் தலைவி அவர்களே! கத்தரி பிடித்தே விரல் காய்த்துப்போன மூத்த தையல் கலைஞர்களே! சீப்பெடுத்த நாள்முதலாய் ஊரார் சிக்கெடுத்துப் பிழைக்கும் சிகையலங்காரத் தோழியரே! பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் பின்னிவிட்டு, தம் தலையை மட்டும் அள்ளி முடிந்துகொண்டு அரக்கப்பரக்க வந்திருக்கும் அன்னையரே! "அஞ்சே நிமிஷம், இதோ வந்துட்டேன்" என்ற சொல்லை நம்பி வாழ்நாளில் பாதியை வாசலிலேயே கழித்துவிட்ட அண்ணன்மாரே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

கைதட்டலுக்கு நன்றி. அண்ணன்மார் பக்கம்தான் சத்தம் அதிகம். அவ்வளவு காயம்பட்டிருக்கிறீர்கள், பாவம்.

என்னை உங்களுக்குத் தெரியும். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, செருப்புக் கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவில், பக்கவாட்டில் நுழைந்தால் மட்டுமே நுழைய முடிகிற ஆல்டரேஷன் கடை என்னுடையது. மேல்சட்டை ஓரத்தில் எந்நேரமும் ஒரு வரிசை ஊக்கு குத்தியிருப்பேன். அதனால் எனக்கு 'ஊக்கு' என்று பட்டம் சூட்டினாள் என் தங்கை. பதிலுக்கு நான் அவளுக்குச் சூட்டிய பட்டம் 'சுருள்'. அவள் தலையைப் பார்த்தால் காரணம் கேட்கமாட்டீர்கள்.

அடங்காத உடையையும் அடங்காத முடியையும் அடக்கும் எளிய வழிகளைப் பற்றிப் பேசு என்றார்கள். பேசுகிறேன். அதற்குமுன் ஒன்று கேட்கிறேன். கடைவாசல் பொம்மைக்குப் பொருந்துகிற சட்டை நமக்கு ஏன் பொருந்துவதில்லை? பொம்மை குனிகிறதா? பொம்மை குழந்தையைத் தூக்குகிறதா? பொம்மை என்றைக்காவது பேருந்தில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறதா? நாம் தொங்குகிறோம் தோழியரே! நாம் குனிகிறோம், நிமிர்கிறோம், ஓடுகிறோம், ஒருநாள் பூரா உழைக்கிறோம். பொருந்தாதது சட்டையின் குற்றமே தவிர, நம் உடம்பின் குற்றமே அல்ல!

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் தங்கையிடம் படித்தேன்.

சுருளுக்கு ஒரே ஆசை. பெரிய விடுதி ஒன்றின் வரவேற்பு மேசையில் நின்று, வருகிறவரை வாருங்கள் என்று வரவேற்க வேண்டும். அறிவு உண்டு, அழகாய்ப் பேசுவாள், மூன்று மொழி தெரியும். ஆனால் விளம்பரத்தில் 'நேர்த்தியான தோற்றம்' என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்கு அவள் நடுங்கினாள்.

முதல் நேர்காணல். விடியலில் எழுந்து, சூட்டுக் கருவியால் முடியைத் தேய்த்துத் தேய்த்து நேராக்கினாள். வெளியே தூறல். விடுதி வாசலை அடைவதற்குள் முன்நெற்றி முடி ஒவ்வொன்றாய்ச் சுருண்டு மேலே ஏறிவிட்டது. உள்ளே அவர்கள் கேள்வி கேட்கக் கேட்க, இவள் கை தலைக்குப் போய்க்கொண்டே இருந்தது. அமுக்கினாள், எழும்பியது. மறுபடி அமுக்கினாள், மறுபடி எழும்பியது. என்ன கேட்டார்கள் என்று வீட்டில் கேட்டேன். "தெரியலடி. நான் முடியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

இரண்டாவது நேர்காணல். முடியை எண்ணெய் வைத்து இறுக்கிக் கட்டிவிட்டாள். இந்தமுறை சட்டை சதி செய்தது. நின்றால் நேர்த்தி, உட்கார்ந்தால் இரண்டாம் பொத்தானுக்கும் மூன்றாம் பொத்தானுக்கும் நடுவில் வாய் பிளந்துவிடும். தோழியரே, ஏன் தலையை ஆட்டுகிறீர்கள்? உங்களுக்கும் தெரிந்த சட்டைதானா? ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே இவள் உட்கார்ந்திருந்தாள். "ஃபைலைக் கீழ வைங்கம்மா" என்று மூன்றுமுறை சொன்னார்களாம். வைக்கவில்லை. கொடுக்கவுமில்லை. சான்றிதழ் எல்லாம் அதற்குள்!

மூன்றாவது அழைப்பு வந்தது. அதோடு வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் அந்த மேசை அவளுக்கு இல்லை.

"நீ வா ஊக்கு. என்ன வேணா பண்ணு. என் கை சும்மா இருக்கணும், அவ்ளோதான்" என்றாள்.

சபையோரே, அந்த ஒரு சொல்லில் நம் தொழில் முழுவதும் அடங்கியிருக்கிறது. கை சும்மா இருக்க வேண்டும்! அழகாய்த் தெரிவது அப்புறம். உடுத்தியதை உடுத்தியவள் மறக்க வேண்டும். அதுதான் உடை, மற்றதெல்லாம் உபத்திரவம்!

நான் இறங்கினேன் வேலையில். வாய் பிளக்கும் சட்டைக்கு என்ன வைத்தியம்? பிளக்கிற இடத்தில், இரண்டு பொத்தானுக்கு நடுவில், உள்பக்கமாய் ஒரு சின்ன பிரஸ் பட்டன். பட்டாணி அளவு. வெளியே தெரியாது, வாய் திறக்காது. காலோடு ஒட்டிக்கொண்டு ஏறும் பாவாடைக்கு? உள்தையலில் ஒரேயொரு ஊக்கு குத்திப் பாருங்கள். பெரும்பாலும் ஒட்டுவதை விட்டுவிடும். காலில் கொஞ்சம் க்ரீமும் தடவிக்கொண்டால் இன்னும் நல்லது. மக்கர் பண்ணும் ஜிப்புக்கு மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். கசங்கிய சட்டையா, இஸ்திரிக்கு நேரமில்லையா? வெந்நீரில் குளிக்கும்போது குளியலறைக் கதவில் தொங்கவிடுங்கள். நீங்கள் வெளியே வரும்போது சுருக்கம் பாதி இறங்கியிருக்கும். அண்ணன்மாரே, இது உங்களுக்கும்தான். குறித்துக்கொள்ளுங்கள்.

முடிக்கு வந்தேன். சுருட்டை முடி ஏன் நம்மோடு சண்டை போடுகிறது? நாம் முதலில் சண்டை போடுவதால்! காய்ந்த பிறகு சீப்பை விட்டு இழுக்கிறோம், அது பஞ்சாய்ப் பறந்து எழுகிறது. ஈரமாக இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கிச் சிக்கெடுங்கள். துண்டால் துவட்டாதீர்கள், பழைய பனியன் துணியில் பொத்திப் பிழியுங்கள். அப்புறம்? அப்புறம் தொடாதீர்கள்! காய்கிறவரை கையைக் கட்டிக்கொள்ளுங்கள். சுருட்டையை ஈரத்தில் வெட்டும் தோழியருக்கு ஒரு வார்த்தை: காய்ந்தால் இரண்டு விரல் மேலே ஏறும், பார்த்து வெட்டுங்கள். ஒருமுறை ஒருத்தி என் தங்கைக்குத் தோள்வரை வெட்டுகிறேன் என்று காதுவரை வெட்டிவிட்டாள். அவள் இங்கேதான் எங்கேயோ இருக்கிறாள். பெயர் சொல்லமாட்டேன், குனிந்துகொள்ள வேண்டாம்.

ஹேர்பின்னுக்கு ஒரு கால் நேர், ஒரு கால் நெளிவு. நெளிந்த கால் எந்தப் பக்கம்? மேலே என்பவர்கள் கை தூக்குங்கள். அம்மாடியோ, பாதி மன்றம்! நெளிந்த கால் கீழே, தலையோடு. அதுதான் முடியைப் பிடிக்கும். முன்வரிசை அம்மா இப்போதே கழற்றித் திருப்பிக் குத்துகிறார். வாழ்க நீங்கள்!

எல்லாம் முடித்தேன். எஞ்சியது கோட்டு. ஒன்றுவிட்ட அக்காவிடம் இரவல் வாங்கிய கருநீலக் கோட்டு, இடுப்பில் ஒரு சாண் அகலம். இரவல் துணியில் கத்தரி வைக்கலாமா? முதுகுப்பக்கம் ஊக்கால் பிடித்துக்கொள்ளலாம் என்று முடிவு. நம் தொழிலில் ஒரு விதி உண்டே! உட்கார்ந்து காட்ட வேண்டிய உடைக்கு உட்காரவைத்தே அளவு பார். நேர்காணல் என்றால் உட்காருவதுதானே? விடுதிக்கே போய், காத்திருக்கும் கூடத்தில் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் மண்டியிட்டு, விதிப்படி வேலை பார்த்தேன். நான்கு ஊக்கு. கோட்டுத் துணி வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. நல்ல துணி போலிருக்கிறது என்று இன்னும் அழுத்திக் குத்தினேன்.

பெயர் சொல்லி அழைத்தார்கள். எழுந்தாள். நடந்தாள்.

நாற்காலியின் உறையும் எழுந்தது. அதுவும் நடந்தது!

ஆமாம், அதுவும் கருநீலம்! சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள், இப்போது நானும் சிரிக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. உறை போன நாற்காலி பஞ்சு பிதுங்க என்னைப் பார்க்கிறது. முழுநீள வாலோடு என் தங்கை உள்ளே போகிறாள். கூப்பிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் கதவு மூடிவிட்டது. அவள் வாழ்க்கையை அவள் அக்காவே ஊக்கால் குத்திக் கெடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். தரை பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று நினைத்தேன்.

உள்ளே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். மேலாளர் அம்மையார் ஒரு மடிப்புக் கலையாத உருவம். நிமிர்ந்து பார்த்து, "பின்னாடி என்னம்மா அது?" என்றாராம். இவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடி. பிறகு வாலாய்த் தொங்கிய அந்த உறையை முன்னால் இழுத்து அழகாய் மடித்து, விடுதிக்காரர்கள் துண்டு போடுவதுபோல் கையில் போட்டுக்கொண்டு, "மன்னிக்கணும் மேடம். உங்க நாற்காலி என்கூடவே வந்துடுச்சு. போகும்போது பத்திரமா கொண்டுபோய் விட்டுடறேன். நீங்க கேள்வி கேக்கலாம்" என்றிருக்கிறாள்!

யார் சொன்னது? இரண்டுமுறை வாய் திறக்காமல் வந்த அதே சுருள்! எப்படிச் சொன்னாள்? சட்டை வாய் திறக்கவில்லை, அதனால் அவள் வாய் திறந்தது! முடி அதன் போக்கில் இருந்தது, அதனால் அவள் புத்தி அவள் போக்கில் ஓடியது!

அரை மணி கழித்துக் கதவு திறந்தது. முன்னால் தங்கை, பின்னால் மேலாளர். "ஊக்கு குத்தினது யாரு?" என்றார்.

"நான்தான் மேடம். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. தப்பு பூரா என்னோடது" என்றேன், கண்ணில் நீர் முட்ட.

அவர் இருபுறமும் பார்த்தார். என் அருகே வந்து, தன் பாவாடையின் கீழ்மடிப்பை ஒரு விரல் அளவு திருப்பிக் காட்டினார். உள்ளே வரிசையாக ஸ்டேப்ளர் பின்கள்! "காலையில அவசரத்துல அடிச்சேன். மூணு மணி நேரமா கால்ல குத்துது. நூல் ஊசி இருக்கா?" என்றார்.

இருக்கிறதாவா? அங்கேயே மண்டியிட்டுத் தைத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கம் என் தங்கை நாற்காலிக்கு உறை போட்டு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். "திங்கக்கிழமையிலருந்து வந்துடும்மா" என்றார் அவளிடம். "தலையை இறுக்கிக் கட்டணுமா மேடம்?" என்று கேட்டாள். "கண்ணை மறைக்காம இருந்தாப் போதும்" என்றார். அவ்வளவுதான்.

வெளியே வந்தோம். நல்ல காற்று. முடி எட்டுத் திக்கும் பறந்தது. நான் அவள் கையைப் பார்த்தேன். அது கோட்டுப் பையில் இருந்தது. தலைக்குப் போகவில்லை! பிறந்ததிலிருந்து நான் பார்த்த கை அது, அன்றுதான் முதன்முறையாகச் சும்மா இருந்தது. நடுத்தெருவில் நின்று அழுதேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அன்பர்களே! யாருடைய உள்மடிப்பில் ஊக்கு இல்லை? எந்த நேர்த்திக்குள் ஸ்டேப்ளர் பின் இல்லை? கடைக்கு வரும் பெண் "என் உடம்பு வாகு சரியில்ல" என்று தொடங்கினால் தடுத்து நிறுத்துங்கள். "என் முடி சனியன்" என்றால் சீப்பைக் கீழே வையுங்கள். உடம்பு சரி, முடி சரி. ஊசியை எடுத்துத் துணியைத் திருத்துங்கள்! நாம் பொத்தான் தைப்பவர்கள் அல்லர். ஒருத்தி தன் முழு அறிவோடும் ஓர் அறைக்குள் நுழைய வழி தைப்பவர்கள்!

என் தங்கை இன்று அதே விடுதியில் ஆள் தேர்வு செய்யும் இடத்தில் இருக்கிறாள். அவள் மேசை இழுப்பறையில் ஒரு தகர டப்பா உண்டு. உள்ளே வருகிற பெண்ணின் கை சட்டைக்கோ தலைக்கோ போனால், முதல் கேள்விக்கு முன்னால் அந்த டப்பாவைத் திறந்து நீட்டுகிறாள். "குத்திக்கிட்டு வாங்க, நான் காத்திருக்கேன்" என்கிறாள்.

அதோ, நான்காம் வரிசையில், பின்னால் இருப்பவருக்கு மேடையே தெரியாதபடி ஒரு தலை. அவள்தான். எழுந்து நில் சுருள், உன்னைப் பார்க்கட்டும்!

பொறுமையாய்க் கேட்ட காதுகளுக்கும், சிரித்துக் கைகொடுத்த நெஞ்சங்களுக்கும், மணி அடிக்காமல் விட்ட தலைவிக்கும் என் நன்றி. மீண்டும் வணக்கம். ஒன்றே ஒன்று சொல்லி இறங்குகிறேன். இந்த மன்றத்து நாற்காலிகளுக்கும் உறை போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர் தையல்காரர்கள். எழும்போது பின்னால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை, மடித்துக் கையில் போட்டுக்கொண்டு நடங்கள்!