செல்லி வேலியில் பதினொரு கொடி

விழாத் தலைமை ஏற்றிருக்கும் அம்மையார் அமுதவல்லி அவர்களே! செங்காந்தள் பயிரிட்ட முப்பது குடும்பத்துப் பெரியவர்களே! களையெடுத்த கையோடு வந்தமர்ந்த தாய்மார்களே! எல்லோருக்கும் பின்னால், பந்தல்காலில் சாய்ந்து நிற்கும் தங்கை செல்லியே! உங்கள் அனைவருக்கும் என் கைகள் குவிகின்றன.

சற்றுமுன் "செங்காந்தள் செம்மல் சின்னப்பராஜ்" என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். எங்கே ஐயா செங்காந்தள்? முதல் பூ விழாவுக்கு அழைப்பிதழ் அச்சடித்தது ஆடியில், இன்று ஐப்பசி. வயலில் ஒரு பூ இல்லை. வாசலில் பிளாஸ்டிக் பூவைத் தொங்கவிட்டு விழா எடுக்கிறோம். இந்த வெட்கத்துக்கு நானே காரணம்.

என்ன தமிழ்மணி? "மழ ஏமாத்திருச்சுங்ண்ணா"வா? இல்லை தம்பி. மழை வந்தது, மண் நனைந்தது, மனிதன்தான் தவறினான்.

மாவுப்பூச்சி தின்ற மரவள்ளியை, நம் குச்சிக்கிழங்கை, அழித்துவிட்டுச் செங்காந்தள் வைப்போம் என்றவன் நான். வெளியூரிலிருந்து கிழங்கு கொண்டுவந்தவன் நான். கவட்டைபோல் இரண்டு காலுள்ள கிழங்கு. கலப்பைக் கிழங்கு என்றே அதற்குப் பெயர். நமக்குத் தெரிந்த வேளாண்மை எது? குச்சிக்கிழங்குக் குச்சியில் அடியும் ஆகாது, நுனியும் ஆகாது, நடுத்துண்டை நடு! அதையே இதற்கும் சொன்னேன். என் களத்தில் கூடி உட்கார்ந்து, இரண்டு நுனியையும் அறுத்தெறிந்து, நடுவைப் புதைத்தோம்.

அன்று கூலிக்கு வந்த ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, மொனையில மூக்காட்டம் வெள்ளையா ஒன்னு இருக்குதுங்க. இதப்போயி எறியலாமுங்களா?"

"கெழங்கு வெட்ட எனக்கே சொல்லித் தர்றியா செல்லி? வாய மூடிக்கிட்டு அறு" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

அந்த மூக்குதானே தாய்மார்களே முளை! கொழுமுனையை ஒடித்துவிட்டு உழப்போனவன் உண்டா? உண்டு, உங்கள் முன் நிற்கிறான். கம்பிப்பந்தல் கட்டினோம்; படரக் கொடியில்லை. காலையில் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டுவைக்க விரல் இருந்தது, தொடுவதற்குப் பூவில்லை. தோண்டிப் பார்த்தேன், கையில் வந்தது அழுகல்.

செல்லி என்ன செய்தாள் தெரியுமா? நாம் எறிந்த நுனிகளைக் கூடையில் அள்ளிப்போய்த் தன் வேலியோரம் ஊன்றினாள். பாதி காய்ந்தது, மீதியில் பாதியை ஆடு மிதித்தது. பதினொன்று பிழைத்தது. நேற்றுப் பார்த்தேன், வேலியெல்லாம் மஞ்சளும் சிவப்புமாய்ப் பூ! நான் நட்டது நாறியது. நான் எறிந்தது பூத்தது.

"மொளச்சப்பவே ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"வாய மூடச் சொன்னீங்களேங்ண்ணா" என்றாள்.

கைதட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். முப்பது குடும்பத்துக்குப் பதினொரு கொடி. ஒரு கொடி ஆண்டுக்கு ஒரு கிழங்கு தரும், மிஞ்சினால் இரண்டு. விதை போட்டாலோ பூவைப் பார்க்க மூன்று நான்கு ஆண்டு. அந்தப் பதினொன்றும் அவளுடையவை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை. நம் வயல் நிறைவதைக் காண்பேன் என்ற நம்பிக்கையும் இல்லை.

இதோ, பொன்னாடையைக் கழற்றி மேசைமேல் வைக்கிறேன். ஒலிபெருக்கியைப் பந்தல்காலுக்குக் கொண்டுபோங்கள். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. பொறுத்துப்போன செல்லிக்கு என் வணக்கம். இனி அவள் பேசட்டும். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.