வாசல் காவலை எடுத்தது யார்?

சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று மணியைக் கையில் வைத்துக்கொண்டே என்னை மேடையேற்றியிருக்கும் கூட்டத் தலைவர், தையற்கடை அண்ணன் அவர்களே, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து என்னைப் பார்க்கும் முன்வரிசை மூத்தவர்களே, பிள்ளையை மடியிலும் செருப்பைப் பையிலும் பத்திரமாக வைத்திருக்கும் தாய்மார்களே, நின்றபடி கேட்டுவிட்டு நழுவிவிடலாம் என்று நினைக்கும் தம்பிமார்களே, என்னைப் பேசவிட்டு வேடிக்கை பார்க்கும் என் கடவுளே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்று நினைவுநாள். அழ வேண்டிய நாள். ஆனால் எனக்குக் காலையிலிருந்து சிரிப்பு சிரிப்பாக வருகிறது. சாமி கும்பிடும்போதே சிரித்துவிட்டேன். என்ன தங்கச்சி, சத்தம் கேக்கலையா? மைக்கை நான் முழுங்கவா முடியும், நீதான் முன்னால வாயேன்.

இந்த மன்றத்துப் படியில்தான் நம் ஐயாவைச் சுட்டுக் கொன்றார்கள். எதற்காக? பொன் கேட்டாரா? பதவி கேட்டாரா? பட்டம் கேட்டாரா? நம் சனமும் ஆஸ்பத்திரிக்குள் முன்வாசல் வழியாகப் போக வேண்டும் என்று கேட்டார். எங்கெல்லாம் நம்மைப் பின்னால் வா என்றார்களோ, அங்கெல்லாம் நம்மைக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அதற்காகக் கொன்றார்கள். சுட்டவன் பிடிபட்டான், ஒரு வார்த்தை பேசாமல் சிறையிலேயே செத்தான். வழக்கு முடிந்தது என்றார்கள். வழக்கு முடிந்தது, கேள்வி முடிந்ததா? துப்பாக்கி கொடுத்தது யார்? வாசலில் நின்ற போலீஸ்காவல், ஐயா வருகிற நேரத்தில் காணாமல் போனது எப்படி?

அதற்கு மட்டும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். ஐயாவின் டிரைவர்தான், 'ஐயா இன்னைக்கு வரல, நீங்க போங்க' என்று காவலை அனுப்பிவிட்டார் என்று எழுதி முடித்தார்கள். அந்த டிரைவர் என் கூடப்பிறந்த தம்பி. அதன் பிறகு அவன் டீக்கடைக்குப் போனால் பெஞ்சு காலியாகும். அவன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், அப்பா யாரென்று தெரிந்ததும் காப்பியை ஆறவிட்டு எழுந்து போனார்கள். 'நான் சொல்லலக்கா' என்று அவன் சொல்லாத நாளில்லை. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நினைவுநாளிலும் மேடையில் ஒரு நாற்காலிக்கு வெள்ளைத்துணி போர்த்தி வைப்போம். அரசாங்கத்திலிருந்து யாராவது வந்து அதில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். யார் வந்தார்கள்? தூசி வந்தது. ஒரு தடவை பூனை வந்தது. அண்ணே, மணியைக் கீழ வைங்க, இப்பத்தான் கதையே வருது.

போன வருடம் கூட்டம் நெரிந்ததே, நினைவிருக்கிறதா? யாரோ ஒரு பெரியவர், வெளியூர் முகம், கைத்தடியை ஊன்றிக்கொண்டு எங்கும் இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்து, மேடை ஏறி, அந்த நாற்காலியில் அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டார். மன்றமே மூச்சைப் பிடித்தது. நான் ஓடினேன்.

"ஐயா, இதுல உட்காரக் கூடாது."

"ஏம்மா, கால் உடைஞ்சதா?"

"நாற்காலி நல்லாத்தான் இருக்கு. பதில் சொல்றவங்க உட்கார்ற இடம் இது."

"எதுக்குப் பதில்?"

"ஐயாவைச் சுட்ட அன்னைக்கு வாசல் காவலை யார் எடுத்தாங்கன்னு."

பெரியவர் எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி நிமிரவில்லை. என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"அப்போ சரியாத்தான் உட்கார்ந்திருக்கேன். கொஞ்சம் தண்ணி குடும்மா. வாசல்ல நின்ன போலீஸ்காரன் நான்தான்."

தாய்மார்களே, என் கையிலிருந்த சொம்பு நழுவி அண்ணன் வேட்டி நனைந்தது. அவர் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

பெரியவர் சொன்னார்: "பெரிய ஆபீசுல இருந்து போன் வந்துச்சு. காவலைக் கலைச்சுட்டுச் சந்தைப் பக்கம் போங்கன்னாங்க. டிரைவர் எங்களைப் போகச் சொல்லல. ஐயா சனத்தோட நடந்து வர்ற நேரம், போகாதீங்க சார்னு ஜீப்புக்கு முன்னால நின்னு கெஞ்சினார். நாங்கதான் அவரைத் தள்ளிவிட்டுப் போனோம்."

"இத்தனை காலம் ஏன் சொல்லல?" என்றேன்.

"விசாரணையில என்னைக் கூப்பிடவே இல்லம்மா. நானாப் போய்ச் சொல்லப் பயம். இங்க பின்னால நின்னு கேட்டுட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். கால் வலி விடல."

ஆண்டவன் ஒரு மனிதனை எப்படி எப்படியோ அழைப்பான். இவரை மூட்டு வழியாக அழைத்திருக்கிறான். சிரிங்க, நல்லாச் சிரிங்க, நானே சிரிக்கிறேன்.

நம் வக்கீலம்மா அந்த வாக்குமூலத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறினார். மூடிய வழக்கை மறுபடி திறந்துவிட்டார்கள். நாளை காலை முதல் சாட்சி அந்தப் பெரியவர். அவர் அங்கே சொன்னால்தான் என் தம்பி பேரிலுள்ள கறை போகும். போன் பேசிய குரல் யாருடையது, அந்தக் குரலுக்குப் பின்னால் எத்தனை குரல் என்று கேட்பதற்கும் வழி பிறக்கும். பெரியவர் பயந்து பின்வாங்கிவிடுவாரோ என்று எனக்குத் தூக்கமில்லை. நேற்று அவரே போன் செய்தார்: "வர்றேம்மா. ஆனா பஸ் படி ஏற முடியாது."

பக்கத்தில் நின்ற தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். ஐயா விழுந்த நாளிலிருந்து வண்டிச் சாவியையே தொடாதவன் அவன்.

"அக்கா, நான் போய் அவரைக் கூட்டிட்டு வர்றேன்."

"எதுலடா?"

"கார்லதான். வக்கீலம்மா வண்டியைக் கேட்டிருக்கேன்."

"உன்னைத் தள்ளிவிட்டவர்டா அவரு."

"அதான் தெரிஞ்ச ஆளாச்சே."

"லைசென்ஸ் இருக்கா உனக்கு?"

தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "வழக்கைத் திறந்துட்டாங்கன்னு சேதி வந்த அன்னைக்கே போய்ப் புதுப்பிச்சுட்டேன்."

பின்சீட்டில் பெரியவர் பக்கத்தில் நான் உட்கார்ந்து வருவேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவேன், பாவம் அவர். நீங்களும் வாருங்கள். பிள்ளைகளோடு வாருங்கள், பெரியவர்களோடு வாருங்கள், சாட்சிக் கூண்டில் ஏறும்போது அவர் திரும்பிப் பார்த்தால் நம் முகங்கள் தெரியும்படி வந்து நில்லுங்கள். மணி அடிக்காமல் மனம் இரங்கிய அண்ணனுக்கும், காது கொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. நாளை காலை நீதிமன்றத்தில் பார்க்கிறேன், வணக்கம்.