மங்கிய ஈயம்

கொல்லங்கோட்டில் பொள்ளாச்சி பேருந்து ஏறினேன். முன் இருக்கையில் நாற்பதைத் தாண்டிய இரண்டு பேர். ஒருவர் மடியில் ஸ்டீல் கிட்டாருக்கான பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்டி. அதன் ஸ்பீக்கரை மாற்றத்தான் போகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"ஏனுங்க மச்சா, கழட்டுற ஸ்பீக்கர எனக்குக் குடுத்துருங்க," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"டூப்ளிகேட்டுன்னு நீதான மாப்ள சொன்ன? அப்புறம் உனக்கெதுக்கு?"

"சும்மா ஊட்ல கெடக்கட்டுமுங்க."

"எத வெச்சு டூப்ளிகேட்டுன்ன?"

"வயர் பத்தவெச்ச எடத்துல ஈயம் மின்னுதுங்க. கம்பெனில வெச்சதுன்னா இத்தன வருசத்துல மங்கியிருக்கோணும்."

பெட்டிக்காரர் பின்பலகை இடுக்கில் செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "மங்கித்தான இருக்குது!"

மற்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கோயில்ல நீங்க வாசிச்சா சனம் அப்படியே நிக்குது. நான் வாசிச்சா டீக்கடைக்குப் போயிருது. இந்த ஸ்பீக்கர் இருந்தா எனக்கும் நிக்குமுன்னு நெனச்சனுங்க."

கோவிந்தாபுரத்தில் பேருந்து நின்றது. பெட்டிக்காரர் எழுந்து பெட்டியை அவர் கையில் கொடுத்தார்.

"எறங்கு, திரும்பிப் போலாம். வெள்ளிக்கெழம இதுலயே நீ வாசி மாப்ள. அப்பவும் சனம் போச்சுன்னா, டீக்கடைக்காரனப் பாத்து வயிறெரி."