செல்ஃப் எடுக்காத வண்டி

இல்ல தம்பி, பேட்டரி புதுசுதான், அதைக் கழட்டாதீங்க. இதுக்கு முன்னாடி வந்த மெக்கானிக்கும் அங்கதான் கையை வச்சாரு. பழசை மாத்தியாச்சு. மாத்துனதும் நாலு நாள்ல படுத்துக்கிச்சு. திரும்ப வந்து மீட்டரைப் போட்டு, ஒவ்வொரு ஃபியூஸா புடுங்கிப் பாத்தாரு. எங்கயும் கரண்ட் ஒழுகலம்மா, ராத்திரி யாரோ உள்ள லைட்டைப் போட்டு விட்டுடறீங்கன்னாரு. வீட்டுல இருக்கறது நானும் என் பொண்ணும். வாசல்ல நிக்கற வண்டிக்குள்ள போயி லைட்டைப் போட எங்களுக்கு என்ன வேலை சொல்லுங்க?

ஆமா, சாவியைத் திருப்புனா டிக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். சில நாள் ஒரே தடவையில எடுத்துக்கும். அது இஷ்டம். பாருங்க, நல்லா குனிஞ்சு பாருங்க. நான் இந்த ஓரமா நின்னுக்கறேன்.

வண்டி எங்க வீட்டுக்காரரு வாங்குனதுதான். பிள்ளைங்க ரெண்டும் சின்னதா இருக்கறப்ப. எட்டு பேரு போற வண்டி எதுக்குங்க நம்ம நாலு பேருக்குன்னு கேட்டேன். நாளைக்கு மருமகன், மருமக, பேரப்பிள்ளைன்னு வந்தா கூரை மேலயா உக்கார வைப்பேன்னாரு. அப்படி ஒரு கணக்கு அவருக்கு. ஒரு மெக்கானிக்கையும் கிட்ட சேக்க மாட்டாரு. ஞாயித்துக்கிழமைன்னா பையனை டார்ச்சு பிடிக்கச் சொல்லிட்டு வண்டிக்கு அடியில போயிடுவாரு. சோத்துக்குக் கூப்பிட்டா ரெண்டு குரல் சேந்து வரும், இதோ வர்றோம்னு.

அதை விடுங்க. நான் என்ன சொல்ல வந்தேன்னா, கொஞ்ச நாளா வேற மாதிரி நடக்குது. கெட்டுப் போற வண்டியைக் கேள்விப்பட்டிருக்கேன். இது தானா சரியாகுது. லெஃப்ட் இண்டிகேட்டர் அவரு காலத்துலயே எரியாது. ஒரு நாள் காலையில பொண்ணை வேலைக்கு விடப் போறேன், பழக்கத்துல கை தட்டிருச்சு, டக்கு டக்குன்னு அடிக்குது. அடுத்து ஹாரன். அப்புறம் பின்னாடி வைப்பர், அதுல ரப்பரே கிடையாது, அது பாட்டுக்குக் கண்ணாடியைச் சுரண்டிட்டு ஆடுது. சிரிப்பு வருதா? எங்களுக்கு வரல தம்பி.

ஸ்டியரிங்குக்குக் கீழ பொண்ணுதான் எட்டிப் பாத்தா. ஒயர்ல புது டேப்பு சுத்தியிருக்கு. சுத்தி முடிச்ச இடத்துல நுனியைக் கொஞ்சம் மடிச்சு விட்டிருக்கு. அடுத்த தடவை பிரிக்கறவனுக்கு நகம் வலிக்கக் கூடாதுன்னு அவரு அப்படித்தான் மடிச்சு விடுவாரு. வேற யாரும் செஞ்சு நான் பாத்ததில்ல. பொண்ணு அதைத் தொடாம கையை இழுத்துக்கிட்டா. அம்மா, இது அப்பா சுத்துன டேப்பும்மான்னா. அன்னிலேர்ந்து அவ பஸ்ஸுலதான் போறா.

அவரு தவறி ரெண்டு வருஷம் ஆகப் போகுது.

எனக்கும் பயந்தான். பகல்லயே இந்தப் பக்கம் வந்தா ஒரு செருமல் செருமிட்டுத்தான் வருவேன், உள்ள ஆள் இருக்கற மாதிரி. என் கொழுந்தன் வேற, வித்துத் தொலைங்க அண்ணி, ஒரு உயிரு போன வண்டின்னு சொல்லிக்கிட்டே இருக்காரு.

ஆமா தம்பி, இதுலதான். அந்தப் பின்சீட்டுலதான். மத்தியானம் சாப்ட்டு எந்திரிச்சவரு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டாரு. பையன்தான் அள்ளிக்கிட்டு வந்து படுக்க வச்சான். நான் தலையை மடியில வச்சுக்கிட்டேன். சாவியைத் திருப்புனான், டிக்கு. திரும்பத் திருப்புனான், டிக்கு. இறங்கித் தள்ளுனான், ஒத்தையா எங்க நகரும் இது? தெருவுல ஓடி வேற வண்டி பிடிச்சுக்கிட்டு அவன் வர்றதுக்குள்ள, என் மடி கனத்துப் போச்சு.

முந்தின நாளே செல்ஃப் மக்கர் பண்ணுதுடான்னு அவரு சொல்லியிருந்தாரு. இவன் பானட்டைத் தொறந்து பாத்தான். பாக்காம இல்ல. எல்லாத்தையும் ஆட்டிப் பாத்துட்டு, ஒண்ணும் இல்லப்பான்னு மூடிட்டான். அதைப் பிடிச்சுக்கிட்டாரு கொழுந்தன். பொணத்தை வச்சுக்கிட்டு, ஊரு முன்னாடி, நீ ஒழுங்கா பாத்திருந்தா என் அண்ணன் இருந்திருப்பான்டான்னுட்டாரு.  எல்லாம் முடிஞ்ச மறுநாள் பையன் வீட்டை விட்டுப் போயிட்டான். இதே ஊருலதான் ஒரு குடோன்ல வேலையாம். போன் அடிச்சா எடுக்க மாட்டான். போயி நின்னா, பின்வழியா போயிடறானாம்.

என்ன, கிடைச்சுதா? இதுவா? இது நல்லாத்தானே இருக்கு, மேல ஒரு கீறல் கூட இல்லையே. ஓ, உறைக்குள்ள அத்துப் போயிருக்கா. பச்சை பச்சையா பொடியா கொட்டுதே தம்பி. எர்த் கேபிளா? பேட்டரி கரண்டு இது வழியாத்தான் போகணுமா? அப்ப இது சரியில்லன்னா பேட்டரி எவ்வளவு புதுசா இருந்தாலும்... சரி. இப்படி ஒட்டிக்கிட்டு நிக்கறதை யாரு ஆட்டிப் பாத்தாலும் தெரியாதுல்ல? உங்களுக்கே இவ்வளவு நேரம் ஆச்சே. நீங்க சொல்லுங்க, தெரிஞ்சிருக்காதுல்ல?

கொஞ்சம் இருங்க, கண்ணுல தூசி.

இல்ல, வேண்டாம், புதுசை மாட்டாதீங்க. சொல்றேன் கேளுங்க. போன வாரம் விடிஞ்சும் விடியாம துணி காயப் போட வந்தேன். வண்டிக் கண்ணாடி பூரா மூடுபனி மாதிரி இருந்துச்சு. முந்தானையால துடைச்சேன், போகல. உள்பக்கம் தம்பி. ராவெல்லாம் உள்ள ஒருத்தர் மூச்சு விட்டா வர்ற ஆவி. செத்துப் போனவருக்கு ஏது மூச்சு? அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. இன்னொரு சாவி என் பையன்கிட்டதான் இருக்கு. டேப்பை மடிச்சு விட அவனுக்கும் தெரியும், டார்ச்சு பிடிச்சு பிடிச்சே கத்துக்கிட்டதுதானே.

ராத்திரியெல்லாம் உக்காந்து அந்தக் கோளாறைத் தேடறான் தம்பி. இன்னும் தேடிக்கிட்டே இருக்கான்.

நான் கண்டுக்கிட்டேன்னு தெரிஞ்சா வர மாட்டான். பொண்ணுகிட்ட கூட நான் மூச்சு விடல. அதனால இப்படிச் செய்யுங்க. அந்த உறையை அத்துப் போன இடத்துல மட்டும் லேசா கீறி, கண்ணுல படற மாதிரி விட்டுருங்க. புது கேபிளை என்கிட்ட குடுங்க, டூல்ஸ் பெட்டி மேல வச்சுடறேன். அவனே கண்டுபிடிக்கட்டும், அவனே மாட்டட்டும். மாட்டுனா சாவியைத் திருப்பிப் பாக்காம இருக்க மாட்டான்ல? இஞ்சின் சத்தம் கேட்டா நான் வெளிய வரலாம். வாசல்ல வண்டி ஸ்டார்ட் ஆனா யாரா இருந்தாலும் எட்டிப் பாப்பாங்க, அதை அவன் தப்பா எடுத்துக்க மாட்டான்.