எஸ். திவ்யா

"நம்ம பொண்ணு பேர்ல ஏற்கெனவே மூணு புக் வந்திருக்கு" என்றது எதிர் சீட்டிலிருந்து ஒரு குரல். நிமிர்ந்து பார்த்தேன். ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறிய கணவன் மனைவி. அவர் கையில் ஃபோன். அந்த அம்மாள் மடியில் ஸ்பைரல் போட்ட தாள்கட்டு.

"நல்லாத் தேடுனீங்களா?"

"தேடிட்டேன். வெறும் திவ்யான்னு போட்டா கடையில எதை எடுத்துக் குடுப்பான்? வேற தலைப்பு யோசி."

"செத்துப்போன பொண்ணைப் பத்தி எழுதியிருக்கேன். அவ பேரை விட்டுட்டு வேற என்னத்த யோசிக்கறது?"

ரயில் தாம்பரம் தாண்டியது. பிறகு அந்த அம்மாள்தான் ஆரம்பித்தார்.

"அவ க்ளாஸ்ல மூணு திவ்யா இருந்தாங்க. இனிஷியலோட எஸ். திவ்யான்னு கூப்பிட்டாதான் இவ எழுந்து நிப்பா. அப்படியே வச்சிடலாம்."

"எழுதினது நீ. என் பேரோட எழுத்து எதுக்கு?"

"ஆஸ்பத்திரியில கடைசியாக் குடுத்த சீட்டு வரைக்கும் அந்த எழுத்து அவகூடத்தானே இருந்துச்சு."

கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித் தேடினார். அதற்குள் பல்லாவரம் வந்துவிட்டது.

"இந்தப் பேர்ல வேற யாரும் இல்லம்மா" என்றார்.